ஓடைக்கு அந்தக் கரை

பூண்டி மலைக்கிராமத்தில் பூண்டு மூட்டை சுமந்து உரமேறிய தோள் என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மூட்டை தூக்கியவன் லாரி வாங்கினேன், பிறகு கொடைக்கானலில் விடுதி கட்டினேன். யாரும் கைதூக்கி விடவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் கோல்ஃப் மட்டையைப் பிடித்தபோது சிரித்தார்கள். ஒரு வருடத்தில் அந்தச் சிரிப்பு அடங்கியது. என் தூரத்துக்குப் பந்து அடிக்க அந்த மைதானத்தில் ஆள் கிடையாது.

தினமும் என்னோடு ஆடியவர் ஒரு ரிட்டயர்டு அறிவியல் வாத்தியார். மிஷன் பள்ளியில் இருந்தவர். எதற்கும் காரணம் சொல்லாமல் விடமாட்டார்.

"பலம் இல்லண்ணே, வேகம். மட்டையோட தலை பந்தத் தொடுற நேரத்துல என்ன வேகத்துல வருது, அதுதான் விசயம்."

"அந்த வேகம் எங்கருந்து வருது வாத்தியாரே? இந்தத் தோள்லருந்துதான?"

"கொஞ்சம் தோளு. கொஞ்சம் இந்த மலை. இங்க காத்து லேசு, பந்தப் பிடிச்சு நிறுத்தாது. கீழ போயி அடிச்சுப் பாருங்க."

கீழே போய் அடித்தும் பார்த்தேன். பந்து முன்னாலேயே விழுந்தது. அங்கே புல் சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் மைதானத்தில் ஒரு மேடு இருக்கிறது. அங்கிருந்து அடித்தால் பந்து பள்ளத்தைக் கடந்து, அதன் அடியில் ஓடும் ஓடையையும் தாண்டி விழ வேண்டும். வயதானவர்கள் நின்று அடிக்க, பாதிச் சரிவில் வேறு இடம் உண்டு. நான் அங்கே நின்றதே இல்லை.

போன வருடம் வலது தோளில் ஜவ்வு கிழிந்தது. மதுரையில் ஆபரேஷன். கட்டுப் பிரித்த அன்று என் மனைவி டாக்டரிடம், "இனி அந்த மட்டையத் தொடலாங்களா?" என்று கேட்டாள். மெதுவாக ஆடலாம் என்றார் அவர். மெதுவாக ஆடுவது எனக்குத் தெரியாத வேலை.

காரில் மலை ஏறும்போது அவளிடம் சொன்னேன்: "அந்த மேட்டுலருந்து ஒரு பந்து அடிப்பேன். ஓடையத் தாண்டுச்சுன்னா ஆடுவேன். தாண்டலைன்னா தூரத்துக்கு அடிக்கிற அந்த டிரைவர் மட்டைய அன்னைக்கே வாத்தியார்ட்ட குடுத்துருவேன்."

"நான் ஒண்ணும் அப்பிடிக் கேக்கலையே," என்றாள்.

சொன்ன சொல்லை நான் திரும்ப வாங்கியதில்லை. லாரித் தொழிலில் என் பெயர் நின்றது அதனால்தான்.

அவசரப்படவில்லை. ஐப்பசி மழையில் புல் தண்ணீர் குடித்துக் கிடந்தது. விழுந்த பந்து விழுந்த இடத்திலேயே புதையும். காட்டுமாடுகள் மேய்ந்துவிட்டுப் போன குளம்புக் குழி வேறு. மார்கழியில் மூடுபனி, ஈரக் காற்று. காத்திருந்தேன். தை கடைசியில் உறைபனி புல்லைக் கருக்கி, தரை காய்ந்து, வண்டிப்பாதை மாதிரி இறுகியது. ஒருநாள் வெயில் ஏறின பிறகு, காற்று முதுகுப் பக்கமிருந்து வீசியது. மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"கல்யாணத்துக்குக்கூட இம்புட்டு முகூர்த்தம் பாத்திருக்க மாட்டீங்க போல," என்றார் வாத்தியார்.

"அதுக்கு இவரு பாக்கவே இல்லைங்க. லோடு எறக்கிட்டு நேரா வந்து தாலி கட்டுனவரு," என்றாள் அவள். சொல்லிவிட்டு சவுக்கு மர நிழலில் போய் உட்கார்ந்தாள்.

பந்தை வைத்தேன். மட்டையைப் பின்னால் கொண்டுபோனபோதே தோள் ஓரிடத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. மட்டை நின்ற இடத்திலிருந்தே அடித்தேன். பந்து நேராகத்தான் போனது. நடுமட்டையில் பட்ட பந்து. ஆனால் சத்தம் பழைய சத்தமாக இல்லை.

ஓடைக்கு இந்தப் பக்கமே விழுந்தது. ஈரத்தரையாக இருந்தால் அங்கேயே நின்றிருக்கும். நான் மாதக்கணக்கில் காத்திருந்த காய்ந்த தரை அதை நிற்க விடவில்லை. குதித்து, உருண்டு, கரை வரை போய்த் தண்ணீருக்குள் இறங்கியது.

வாத்தியார் பந்து இறங்கிய இடத்தையே பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "தரை உருட்டித்தாண்ணே விடும். தூக்கி விடாது."

அது எனக்குத் தெரியாததா? மட்டையை அவர் கையில் கொடுத்தேன்.

"வேணாம்ண்ணே. நாளைக்கே திருப்பிக் கேப்பீங்க."

"நான் எதையாவது குடுத்துட்டுக் கேட்டுருக்கேனா?"

சரிவில் இறங்கி, ஓடைக்கு இந்தக் கரையில் வேறு பந்து போட்டு, சின்ன இரும்பு மட்டையால் தட்டினேன். சுலபமாக அந்தக் கரையில் போய் விழுந்தது. பின்னாலேயே வந்த மனைவி பார்த்தாள்.

"இது தாண்டிருச்சே. இது சேராதா?"

"சேராது."

அவள் என் வலது கையைப் பிடிக்காமல், இடது பக்கமாக வந்து நின்றாள்.

இப்போது காலையில் வேலியோரச் சாலையில் இருவரும் நடக்கிறோம். மேட்டிலிருந்து யாராவது அடிக்கும் சத்தம் கேட்கும். மரங்கள் மறைப்பதால் பந்து தெரியாது.

"தாண்டுமா?" என்று கேட்பாள்.

நின்று, சத்தத்தை மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வேன். அடுத்த வளைவில் மரங்கள் விலகி ஓடை தெரியும்; இதுவரை தப்பியதில்லை. இந்த மலையில் அதைச் சொல்லவும் வேறு ஆள் கிடையாது.