தேசப்பன் பொஞ்சாதி மை

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர் எனப்பட்ட டச்சுக்காரரின் கொடி பறந்த காலம். ஏரிக்கரையில் தோணிரேவுக் குப்பத்தில் செல்வம்மாள் கண்மை செய்து விற்றுவந்தாள். ஆமணக்கெண்ணெய் விளக்கின்மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடிப்பாள். அதை நெய் விட்டுக் குழைத்து, ஏரியில் அள்ளிய கிளிஞ்சலில் வைத்து, மேலே இன்னொரு கிளிஞ்சலால் மூடி நூலால் கட்டுவாள். சரக்கு அவ்வளவுதான். ஆனால் அந்த மை கண்ணில் எரியாது, வியர்வையில் வழியாது. குப்பத்தில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் மணப்பெண்ணுக்கு மை அவள் வீட்டிலிருந்துதான் போகும்.

அவள் புருஷன் தேசப்பன் உலாந்தாக் கப்பலில் பாய் இழுக்கும் கலாசியாகக் கடல் கடந்து பத்தாவியாவுக்குப் போய் ஏழு வருடம் ஆகியிருந்தது. ஓலையும் வரவில்லை, ஆளும் வரவில்லை. கல்யாண மையைச் சுமங்கலிதான் குழைக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். தேசப்பன் செத்துவிட்டான் என்று எவனாவது வந்து சொன்னால் தாலியும் போகும், பிழைப்பும் போகும். அதனால் கப்பல் தெரிகிறது என்றதும் குப்பமே கரைக்கு ஓட, இவள் மட்டும் வீட்டுக்குள் ஏதாவது வேலையைத் தேடிக்கொள்வாள். எனக்கு அவள்மேல் குறை சொல்லத் தோன்றவில்லை.

ஒரு நாள் வளையல்காரர் துளசிங்கம் வந்தார். திருப்பாலைவனம் திருவிழாவுக்கும் காட்டூருக்கும் வளையலோடு அவளுடைய மையையும் கொண்டுபோய் விற்கிறேன் என்றார்.

"ஆனா ஒரு பேர் வேணும் தங்கச்சி. வெறும் மைனு கூவினா எவ திரும்பிப் பாப்பா?"

"தோணிரேவு மைனு கூவுண்ணே."

"மீன் கவிச்சி அடிக்குதானு மோந்து பாப்பாளுங்க."

"பாக்கட்டுமே. அவளுங்க மட்டும் மீன் துன்னலியா?" என்று செல்வம்மாள் சீறினாள்.

அடுத்த வீட்டு வேலம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, "அவ பேரையே வெச்சுடு, செல்வம்மா மைனு" என்றாள்.

துளசிங்கம் ஒப்பவில்லை. "பொண்ணப் பெத்தவ மொதல்ல இன்னா கேப்பா? செஞ்சவ தாலியோட கீறாளானு கேப்பா. பேர்லயே அதுக்குப் பதில் இருக்கணும். தேசப்பன் பொஞ்சாதி மைனு வெச்சுட்டா ஒருத்தியும் வாய தொறக்க மாட்டா."

ஏழு வருடமாகச் செல்வம்மாள் எதிரில் யாரும் அந்தப் பெயரை எடுத்ததில்லை. அதைத் தெருத் தெருவாகக் கூவப்போகிறார்கள் என்றதும் அவளுக்கு உள்ளூர ஆசையாகத்தான் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நூலைச் சுற்றினாள்.

மை நன்றாகவே விற்றது. தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. மையைத் தேடிக்கொண்டு காட்டூரிலிருந்து ஒருத்தி குப்பத்துக்கே வந்துவிட்டாள்.

"இன்னா மை இது? பேரு சொல்லு."

புருஷன் பெயரை எந்தப் பெண்டாட்டி வாயால் சொல்வாள்? "அதான்... எங்க ஊட்டுக்காரர் பேர்ல கூவறாங்களே, அது" என்றாள் செல்வம்மாள்.

"உன் ஊட்டுக்காரர நான் கண்டேனா? நான் கேட்டு வந்த மைக்குப் பேரு கீது."

செல்வம்மாள் திருதிருவென்று விழித்தாள். வேலம்மா ஓடிவந்து பெயரைச் சொல்வதற்குள் அந்தப் பெண்பிள்ளை, இது போலி என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டாள். செய்தவளால் சொல்ல முடியாத பெயரை வைத்தால் இப்படித்தான் ஆகும். அதற்குப் பிறகு யாராவது பெயர் கேட்டால், செல்வம்மாள் வேலியைப் பார்த்து, "வேலம்மா!" என்று குரல் கொடுப்பாள்.

தை மாதத்தில் ஒரு கப்பல் வந்தது. செல்வம்மாள் வழக்கம்போல வீட்டிலேயே இருந்துவிட்டாள். வாசலில் துளசிங்கம் கிளிஞ்சல்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். தேசப்பனோடு அதே கப்பலில் போன சின்னதம்பி, கரையில் கால் வைத்ததும் நேரே அங்கே வந்து நின்றான். செல்வம்மாளின் கை தானாகத் தாலியைப் பிடித்துக்கொண்டது.

"பயப்படாத அண்ணி. அண்ணன் நல்லா கீறாரு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதாள். வேலி தாண்டி ஓடிவந்த வேலம்மாவும் கூடச் சேர்ந்து அழுதாள். சின்னதம்பி மட்டும் போகாமல் நின்றான்.

"அங்க ஒருத்தியக் கட்டிக்கினாரு அண்ணி. ரெண்டு புள்ளைங்க. இனிமே வரலன்னு சொல்லச் சொன்னாரு."

துளசிங்கம்தான் முதலில் வாயைத் திறந்தார். நல்ல மனுஷர்தான், ஆனாலும் வியாபாரி.

"எங்க இருந்தா இன்னா, உசுரோட கீறார் இல்ல? பேருக்கு ஒரு கொறையும் இல்ல தங்கச்சி."

அவர் சொன்னதில் தப்பில்லை. தாலிக்கும் ஆபத்தில்லை, பிழைப்புக்கும் ஆபத்தில்லை. ஏழு வருடமாக எதற்குப் பயந்தாளோ அது நடக்கவே இல்லை. செல்வம்மாளுக்கோ ஒவ்வொரு கப்பலுக்கும் தான் ஒளிந்து கிடந்ததை நினைக்க நினைக்க ஆத்திரம் பொங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கூடையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அண்ணே, தேசப்பன் பேர எடுத்துடு."

வேலம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "அடிப்பாவி, புருஷன் பேர சொல்றியே!"

"தேசப்பன், தேசப்பன், தேசப்பன்" என்றாள் செல்வம்மாள். "செல்வம்மா மைனு கூவு. இஷ்டம் இல்லன்னா கூடைய வெச்சுட்டுப் போ."

துளசிங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்.

மாசியில், போலி என்று திரும்பிப் போன அதே காட்டூர்க்காரி மறுபடி வந்தாள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் மணப்பெண்ணின் கண்ணில் இந்த மையைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். கிளிஞ்சலைத் திறந்து விரலில் தொட்டுப் பார்த்தாள்.

"பேரு இன்னா?"

வேலம்மா பழக்கத்தில் வேலிக்கு ஓடி வந்துவிட்டாள்.

"செல்வம்மா மை" என்றாள் செல்வம்மாள்.

"யாரு செல்வம்மா?"

"நான்தான்."