குழாயடியில் சொல்லிவிட்ட கதை

அறுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. திண்டுக்கல் ஸ்டேஷன் பக்கம் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தோம். ஒரே வாசல், ஒரே கிணறு, ஆறு குடித்தனம். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குடிக்கிற தண்ணீருக்கு விடிந்ததும் தெருக் குழாயில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காம்பவுண்டில் எனக்குத் தனி மரியாதை உண்டு. செம்பட்டியில் எட்டாவது வரை படித்தவள் நான். மற்றவர்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு ஸ்டேஷன் எதிரில் சைக்கிள் கடை. வாரப் பத்திரிகைக் கட்டு சாயங்கால ரயிலில் வந்து இறங்கியதும் முதல் பிரதி அவர் கைக்கு வந்துவிடும். மறுநாள் மத்தியானம் சமையல் வேலை ஒழிந்த பிறகு எல்லா வீட்டுப் பெண்களும் கிணற்றடி நிழலில் கூடுவோம். மண்டியிலிருந்து கொண்டுவந்த புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே அவர்கள் கேட்பார்கள், நான் தொடர்கதை படிப்பேன். படிக்கிறவள் கைக்குப் புளி கிடையாது. அவள் பங்கை மற்றவர்கள் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். யாரும் பேசி வைத்ததில்லை, அப்படியே பழகிவிட்டது. நானும் மகாராணி மாதிரி சுவரில் சாய்ந்துகொண்டு படிப்பேன்.

தை பிறந்ததும் காலியாக இருந்த வீட்டுக்கு ஒரு புதுக் குடித்தனம் வந்தது. சாணார்பட்டிப் பக்கத்துப் பெண், என்னைவிட இரண்டு வயது இளையவள். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்களாம். ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல் வந்து தொண்டை கட்டிக்கொண்டது. பத்திரிகையை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். நான் உள்ளே படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். விரலை வைத்து வைத்து, எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தாள். நான் கால் மணி நேரத்தில் முடிக்கிறதை அவள் முக்கால் மணி நேரம் படித்தாள். இனிமேல் இவளை யார் கூப்பிடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் தெம்பாகப் போய் உட்கார்ந்தேன். வாசல் வீட்டு அக்கா என் மடியிலிருந்த பத்திரிகையை எடுத்து அவளிடம் நீட்டினார். "ஒனக்கு இன்னும் தொண்ட சரியாகலைல்ல. அவ படிக்கட்டும். நீ செத்த நேரம் சும்மா இரு" என்றார். சும்மா எங்கே இருந்தேன்? என் முன்னால் ஒரு முறம் புளி வந்து உட்கார்ந்தது. தொண்டை தேறி மூன்று வாரமாகியும் அந்த முறம் நகரவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. பத்திரிகை என் வீட்டுக்காரர் வாங்கியது, படிப்பில் பெரியவள் நான், ஆனால் கேட்கிறவர்களின் கண்ணீர் மட்டும் அவள் படிப்புக்கு. நான் படித்தபோது "அப்புறம் என்னாச்சு" என்றுதான் கேட்டார்களே தவிர, ஒருத்தியாவது மூக்கை உறிஞ்சியதில்லை. அவள் குரலில் அப்படி என்ன இருக்கிறது என்று உற்றுக் கேட்டேன். என் காதுக்கு ஒன்றும் அகப்படவில்லை. கொட்டையை எடுக்கிற சாக்கில் புளியைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தேன்.

அந்தத் தொடர்கதையில் ஒரு பெண்ணின் புருஷன் கப்பலேறிப் பினாங்குக்குப் போய்விடுவான். அவள் தினமும் மத்தியானம் அவனுக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். அவன் வருவானா மாட்டானா என்று எங்கள் காம்பவுண்டே மாதக் கணக்கில் தவித்துக்கொண்டிருந்தது. மூலை வீட்டு அக்காவுக்கு அதில் எல்லோரையும்விடக் கவலை. அவருடைய வீட்டுக்காரர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர். இரண்டு வருஷமாகக் கடிதம் இல்லை. அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

பங்குனியில் அந்த இதழ் வந்தது. வாங்கியதும் அடுப்படியில் நின்றபடியே படித்துவிட்டேன். பினாங்கிலிருந்து கடிதம் வந்துவிட்டது, அவனுக்கு அங்கே வேறு குடும்பம். உடனே எனக்கு ஒரு யோசனை தோன்றியது. விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் நாளைக்கு இந்தப் புதுக் குடித்தனக்காரி எதைப் படித்து அழவைப்பாள்?

காலையில் குழாயடியில் ஒவ்வொருவராக ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. கடைசியாக மூலை வீட்டு அக்கா. குனிந்து குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அவன் வரமாட்டானாம்க்கா. அங்கயே ஒருத்தியக் கட்டிக்கிட்டானாம். அம்புட்டுத்தான் கதை" என்றேன்.

"அப்படியா" என்றார். கழுவின குடத்தையே மறுபடியும் கழுவினார். நான் அதைப் பார்த்தேன், ஆனால் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் சொல்லி முடித்த சந்தோஷத்தில் இடுப்புக் குடம் கனக்கவே இல்லை.

மத்தியானம் பாதிப் பேர்கூட வரமாட்டார்கள் என்று நினைத்தேன். வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் படிக்க ஆரம்பித்தாள். கடிதம் வந்த இடத்தில் யாரும் அசையவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்.

அதற்குப் பிறகு கதையில் மத்தியானம் ஆகிறது. அந்தப் பெண் பழக்கத்தில் அவன் தட்டையும் எடுத்து வைக்கிறாள். செத்த நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு அதை எடுத்துக் கழுவி, முந்தானையால் துடைத்து, அலமாரியில் கவிழ்த்து வைக்கிறாள். நாலே வரி. முந்தின நாள் நான் ஓட்டமாகப் படித்ததில் அது என் கண்ணில் நிற்கவே இல்லை. குழாயடியில் சொன்ன கதையிலும் தட்டு கிடையாது. படிக்கிறவள் விரல் அந்த வரியிலேயே நின்றது. அவள் அடுத்த வரிக்குப் போகவில்லை.

மூலை வீட்டு அக்கா மெதுவாகச் சொன்னார்: "ஆத்தா, அந்தத் தட்டு எடத்த இன்னொரு வாட்டி படி."

படித்தாள். இன்னொரு வாட்டி என்றார். மறுபடியும் படித்தாள். மூலை வீட்டு அக்காவுக்குக் கண்ணைத் துடைக்க முடியவில்லை, கையெல்லாம் புளி. தோளில் முகத்தைத் தேய்த்துப் பார்த்தார். வாசல் வீட்டு அக்கா எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். எல்லோரும் அழுதார்கள். அத்தனை பேருக்கும் காலையிலிருந்தே தெரிந்த கதை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். காலையில் அந்த மனுஷியிடம் அதை எப்படித் தூக்கிப் போட்டேன் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. மத்தியானம் வரை அதை அவர் தனியாக வைத்துக்கொண்டு வீட்டில் என்ன செய்தாரோ? அவ்வளவு வெட்கத்திலும் இந்த அழுகை எனக்குக் கிடைக்கவில்லையே என்ற பொறாமையும் போகவில்லை. இரண்டும் சேர்ந்து வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் அவள் பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நானும் தயாராக நின்றேன்.

"மூலை வீட்டக்கா காலையிலயே வந்து சொன்னாங்கக்கா. இன்னைக்கு இப்படி வருதாம், நீங்க சொன்னீங்களாம், பாத்துப் படின்னாங்க. நல்லவேள சொன்னீங்க. தெரியாமப் படிச்சிருந்தா நானே அந்த எடத்துல ஒடைஞ்சு போயிருப்பேன்" என்றாள்.

குத்தலே இல்லை அந்தப் பேச்சில். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவளைக் கவிழ்க்க நான் செய்த காரியத்தை வைத்துக்கொண்டு, அழப்போகிறவரே படிக்கிறவளுக்குத் தைரியம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் பத்திரிகையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் ஊசி நூலால் தைத்து வைப்பது அப்போது எங்கள் வழக்கம். மறுநாள் மூலை வீட்டு அக்கா வந்து தட்டு வருகிற பக்கத்தைத் தனக்குத் தரமுடியுமா என்று கேட்டார். உங்களுக்குப் படிக்கத் தெரியாதே என்று என் வாய் கேட்டுவிட்டது.

"இருக்கட்டும். அந்த வரி எங்க இருக்குன்னு அவ வெரலப் பாத்து வச்சிருக்கேன்" என்றார்.

கிழித்துக் கொடுத்தேன். மீதி வாரங்களையும் அவள்தான் படித்தாள், நான் புளி எடுத்தேன். அந்த வருஷக் கடைசியில் நாங்கள் வேறு வீட்டுக்கு மாறிவிட்டோம். கொழும்பிலிருந்து கடிதம் வந்ததா என்று கடைசி வரை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது டிவி சீரியலில் நாளைக்கு நடக்கப்போவதை யாராவது சொல்லிவிட்டால் என் பேத்தி சண்டைக்குப் போகிறாள். சொன்னால் என்ன, அழுகிற இடம் அழுகிற இடம்தான் என்று அவளிடம் சொல்வேன், அவளுக்குப் புரியாது. நான் தைத்து வைத்த அந்தப் புத்தகம் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதில் இல்லாத ஒரு பக்கம் மட்டும்தான் எனக்கு வரி பிசகாமல் மனப்பாடம். அதுவும் அவள் குரலில்தான் கேட்கிறது. ஒரு தடவையாவது என் குரலில் கேட்கக்கூடாதா என்று இந்த வயதிலும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.