‘உங்களை’ என்றால் எத்தனை பேர்

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் ஒரு கூடை சுற்றி வரும். அதில் உள்ளங்கை அளவு அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். யார் எதை எடுக்கிறார்களோ அதுதான் அந்த ஆண்டு முழுவதும் அவருக்குக் கடவுள் தரும் வாக்குத்தத்தம். நான் எடுத்த அட்டைகளில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. சில வருடங்களுக்கு முன் என் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண் எடுத்த அட்டை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

வகுப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நான் விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். வீடு திண்டிவனம். சனிக்கிழமை மதியம் சபையின் பின்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு பழைய ஏற்பாடு வாசிப்பேன். தபால் வழியில் எபிரேயம் படித்தவள் என்பதால் அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். தினமும் ரயிலில் போகவர இருந்த நேரத்தில்தான் அந்த மொழியைப் படித்தேன். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோட்டக்குப்பத்து முஸ்லிம் அம்மா ஒருவர் என் நோட்டை எட்டிப் பார்த்து, “இன்னாம்மா, நீயும் வலப்பக்கத்துலேர்ந்து எழுதற?” என்று கேட்டார். அது அரபி இல்லை, எபிரேயம் என்று சொன்னேன். “அப்ப எங்களுக்குப் பக்கத்து வூடு” என்றார்.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்துநான்கு வயது. கணவர் வளைகுடாவில் வெல்டர். போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. இரண்டு வருடத்துக்கொரு முறை கிடைக்க வேண்டிய விடுப்பு இரண்டு தடவையும் கிடைக்கவில்லை. பாஸ்போர்ட்டைக் கம்பெனியே வைத்திருந்தது. அவளும் மகளும் மாமியார் வீட்டின் பின்பகுதியில் இருந்தார்கள். இந்த நிலையில்தான் அவள் கைக்கு அந்த அட்டை வந்தது. உங்களைச் சிதறடித்த தேசங்களிலிருந்தெல்லாம் உங்களைச் சேர்த்துத் திரும்பக் கொண்டுவருவேன் என்ற பொருளில் அமைந்த வசனம். அட்டையைப் படித்துவிட்டு அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மாசி மாதக் கூட்டங்களுக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் அவள் தலையில் கை வைத்து, “ஐப்பசி மழைக்கு முன்னாடி உன் புருஷன் உன் வாசல்ல நிப்பான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவள் எதையும் தொடங்கவில்லை. லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்திருந்தாள். முண்டியம்பாக்கத்தில், மருத்துவக் கல்லூரிக்கு எதிரே இருந்த ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். மறுத்துவிட்டாள். “அவர் வந்ததும் மெட்ராஸ் போய்டப் போறோம்க்கா. எதுக்கு நாலு மாசத்துக்கு சேந்துக்கினு?” என்றாள். மகளை அடுத்த வகுப்பில் சேர்ப்பதையும் தள்ளிப் போட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் விட்டுக் கேட்ட பிறகுதான் சேர்த்தாள்.

நான் அவளைத் தனியாக அழைத்து எதுவும் சொல்லவில்லை. அது என் வழக்கமும் இல்லை. ஆனால் அந்த அட்டையின் வசனம் இருந்த அதிகாரத்தையே அடுத்த சனிக்கிழமைப் பாடமாக எடுத்தேன். தற்செயலாக எடுத்தேன் என்று சொன்னால் பொய்.

அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்குத் தீர்க்கதரிசி எழுதியது. அவர்கள் சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்று மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அவர் எழுதுகிறார்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதில் விளைந்ததைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், இருக்கிற ஊருக்காக ஜெபம் பண்ணுங்கள், எழுபது வருடம் ஆகும். திரும்பக் கொண்டுவருவேன் என்ற வாக்கு இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. அதைக் கேட்டவர்களில் பெரும்பாலானோர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள்.

“ஆனா எனக்குத்தானேக்கா வந்துச்சு? ‘உங்களை’ன்னு போட்டிருக்கே” என்றாள் அவள்.

“தமிழ்ல ‘உங்களை’ன்னா ஒரே ஆளைக்கூட மரியாதையா சொல்லலாம். எபிரேயத்துல அப்படி இல்ல. அந்தச் சொல்லைப் பாத்தாலே தெரியும், ஒரு கூட்டத்தைப் பாத்துப் பேசறார்னு.”

பின்னால் இருந்த ஒரு பெண், “ஏங்க்கா, கடவுள் நமக்கு மரியாதை குடுக்க மாட்டாரா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அட்டை எடுத்தவள் மட்டும் சிரிக்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் முந்தைய அதிகாரத்துக்கும் போனேன். அதில் இன்னொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்று ஜனங்களுக்கு முன் சொல்கிறான். அவன் சொன்னது பொய்யாகிறது. நல்லது நடக்கும் என்று சொல்கிற தீர்க்கதரிசியை, அவன் சொன்னது நடந்த பிறகுதான் உண்மையானவன் என்று அறியலாம் என்று ஒரு அளவுகோலும் அங்கே இருக்கிறது. அதை அழுத்திச் சொன்னேன். வெளியூர்ப் பிரசங்கியாரின் பேச்சை நான் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியிருக்கவும் இல்லை. கூடத்தில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

இரண்டு வாரம் அவள் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலையில் திண்டிவனம் ஸ்டேஷனில் டிபன் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“அந்தக் கடிதத்துல தோட்டம் போடச் சொல்லியிருக்கே, போட்டேன்” என்றாள். கொல்லையில் முருங்கைக் கிளை நட்டு, வேலியோரம் அவரை ஊன்றியிருந்தாளாம். “வேலைக்கும் சேந்துட்டேன். எழுபது வருஷம்னா இன்னாத்துக்கு உக்காந்துக்கினு இருக்கணும்?”

கோபமாகச் சொல்கிறாளா, தெளிந்து சொல்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒரே பாசஞ்சரில் போனோம். அவள் முண்டியம்பாக்கத்தில் இறங்குவாள், நான் விழுப்புரம் வரை போவேன். ஊசி குத்தும்போது நரம்பு கிடைக்காத கிழவர்களைப் பற்றியும், ரத்தம் எடுத்ததும் மயங்கி விழுகிற போலீஸ்காரர்களைப் பற்றியும் சொல்லுவாள். கணவரைப் பற்றிய பேச்சு குறைந்தது. என் பாடம் வேலை செய்துவிட்டது என்று எனக்குள் ஒரு நிறைவு இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்வதில் கஷ்டம் இல்லை.

புரட்டாசி மாதம் இரண்டாவது வாரம் அவள் ரயிலுக்கு வரவில்லை. மத்தியானம் போன் செய்தாள்.

“அக்கா, வந்துட்டாருக்கா.”

“யாரு?”

“அவருதான். கம்பெனிய மூடிட்டானாம். எல்லாரையும் ஏத்தி அனுப்பிட்டான். காலைல வாசல்ல வந்து நிக்கறாரு, நான் பால்காரர்னு நெனைச்சேன்.”

ஸ்தோத்திரம் என்று சொன்னேன். ஆனால் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, எரிச்சல். ஒரு மனிதன் ஐந்து வருடம் கழித்து மனைவியையும் மகளையும் பார்த்திருக்கிறான். நானோ, ஐப்பசிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று கணக்குப் பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பில் வழக்கத்தைவிடக் கூட்டம் இருந்தது. மரியாதையைப் பற்றிக் கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்த பெண்ணே தொடங்கினாள்.

“அக்கா, சொன்னது நடந்துச்சுன்னா அவன் உண்மையான தீர்க்கதரிசின்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப அந்தப் பிரசங்கியார் சொன்னது நடந்துடுச்சே.”

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். அந்த அளவுகோலைக் கையில் கொடுத்தது நான்தான். வேறொரு இடத்தில், சொன்ன அடையாளம் நடந்தாலும்கூட அவனை நம்பாதே என்று எச்சரிக்கிற பகுதி உண்டு. பக்கத்தைத் திருப்ப விரல் போனது. தோற்றதை மூடி மறைக்கத்தான் வசனம் தேடுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. திருப்பவில்லை. “ஆமா, நடந்திருக்கு” என்றேன்.

வீட்டுக்குப் போய் அந்த முந்தைய அதிகாரத்தை எபிரேயத்தில் மறுபடி வாசித்தேன். இரண்டு வருடத்தில் திரும்புவோம் என்று மற்றவன் சொன்னதும் தீர்க்கதரிசி அவனை உடனே மறுக்கவில்லை. முதலில் ஆமென் என்கிறார். கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். அதற்குப் பிறகுதான் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். அதை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். பாடத்தில் மட்டும் விட்டுவிட்டேன். அவர் அதைக் கேலியாகச் சொன்னார் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் ஜனங்கள் திரும்ப வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்திருக்கும். அவள் கணவர் வர வேண்டும் என்று நான் ஒருநாள்கூட அவளோடு சேர்ந்து ஆசைப்பட்டதில்லை. பாபிலோனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் அதே பிரசங்கியார் மறுபடி வந்தார். தனக்கு நடந்ததைச் சாட்சியாகச் சொல்ல அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கணவர் முன்வரிசையில் இருந்தார். முதுகு வலியால் நிமிர்ந்து உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். வந்ததிலிருந்து அவருக்கு வேலை எதுவும் அமையவில்லை. மெட்ராஸ் பேச்சும் நின்றிருந்தது.

அவள் மைக்கைப் பிடித்து, “வந்துட்டாரு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றாள். கூட்டம் கை தட்டியது. அவள் இறங்கவில்லை. “அவர் வர மாட்டார்னு நெனைச்சுத்தான் வேலைக்குப் போனேன். இப்ப அந்த வேலையிலதான் வூடு ஓடுது. அதையும் சொல்லணும், அதனால சொல்றேன்.”

பிரசங்கியார் அல்லேலூயா என்றார். அவளுடைய பேச்சு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவருக்குப் புரியாதது போல இருந்தது. எனக்கும் முழுதாகப் புரியவில்லை.

திங்கட்கிழமை ரயிலில் அவளிடம் கேட்டேன். “அப்ப யார் சொன்னது சரி? பிரசங்கியாரா, நானா?”

“நீங்க ரெண்டு பேரும் அத வச்சு பேஜாரு பண்ணிக்கினு இருங்க” என்றாள். “எனக்கு ஒம்பதரைக்கு டூட்டி.”

முண்டியம்பாக்கம் வந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். நான் அடுத்த சனிக்கிழமைக்கான அதிகாரத்தைத் திறந்தேன்.