தொப்பைக்குச் சுற்றிய திருஷ்டி

குருசுக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போன நான், பையில் சங்கராவும் கையில் ஒரு செவலை நாய்க்குட்டியுமாகத் திரும்பினேன். படகுக்கு அடியில் கிடந்து என் செருப்பைக் கடித்தது. விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. என் வீட்டுக்காரர் குட்டியைப் பார்த்துவிட்டு மீனைப் பற்றி மட்டும் விசாரித்தார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான்.

"சதை புடிக்கிற வரைக்கும்தான். அப்புறம் சேதராப்பட்டுக்குப் போயிடணும், சொல்லிட்டேன்" என்றார். அங்கே கம்பெனியில் வேலை பார்க்கும் அவருடைய நண்பர் காவலுக்கு நாய் தேடிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தர்மசங்கடம். சோறு போட்டால் சதை பிடிக்கும், சதை பிடித்தால் போய்விடும். அதற்காகப் பட்டினி போட முடியுமா? பாலும் கேழ்வரகுக் கூழுமாக ஊற்றினேன். அவரும் நான் பார்க்காத நேரமாகப் பார்த்துக் காலை ரொட்டியின் முனையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். குட்டியின் வயிறு பூசணிக்காய் போல உருண்டது. கால்கள் குச்சியாகவே இருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவில் அந்தத் தொப்பையைத் தட்டிப் பார்க்காதவர்கள் கிடையாது. "என்னாதான் போடுறீங்க?" என்று கேட்டவர்களிடம் நான் கூழ் என்றேன். அவர் ரொட்டி என்று வாயை விட்டு மாட்டிக்கொண்டார்.

திடீரென்று ஒருநாள் குட்டி சுருண்டு படுத்தது. கூழை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சந்தேகமே இல்லை, எதிர்வீட்டம்மா கண்தான். நெற்றியில் மைப்பொட்டு வைத்தேன். உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி நெருப்பில் போட்டேன். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். எங்கள் வீட்டு நெடிக்கோ தெருவே இருமியது. குட்டி தும்மியது, பிறகு வாந்தி எடுத்தது. அதில் சேமியா போல வெள்ளை வெள்ளையாக நெளிந்தன. அன்றோடு எங்கள் வீட்டில் சேமியா உப்புமா நின்றுபோனது.

கால்நடை டாக்டர் மைப்பொட்டைப் பார்த்துச் சிரித்தார். "இது சதை இல்லம்மா, பூரா பூச்சி. நீங்க போட்டதையெல்லாம் அதுங்கதான் சாப்ட்டிருக்கு. விட்டிருந்தா குட்டி போயிருக்கும்." எடை போட்டு மருந்து கொடுத்தார். ரெண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை கொடுக்கச் சொன்னார்.

மருந்துக்குப் பிறகு வெளியே வந்ததை எழுத மாட்டேன். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்களும் இருப்பார்கள். தொப்பை வடிந்து விலா எலும்பு தெரிந்தது. ஆனால் குட்டி கூழை வழித்து நக்கியது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து சேதராப்பட்டு நண்பர் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். நான் குட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். எட்டிப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"குண்டா இருக்குன்னியேப்பா. இது தேறாது."

என் வீட்டுக்காரருக்கு மூக்கு விடைத்தது. "எம்புள்ளையப் பாத்தா தேறாதுன்ற? நீ பொட்டிய எடுத்துக்கினு கெளம்பு."

நண்பர் காலிப் பெட்டியோடு போனார். அவர் தலை தெருமுனையில் மறைந்ததும், இவர் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"அடுத்த மருந்து என்னிக்கு?"