வசந்தா சொன்ன நவுன்

வசந்தா போய்ட்டாளாம்.

காலைல அவ தம்பி போன் பண்ணான். நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிகினே உக்காந்தாளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள... நாப்பத்தொரு வயசுதான்.

சென்னைலேருந்து ஆரணிக்கு வந்துகினு இருக்கேன். காஞ்சிபுரம் தாண்டி ரோடு வேலையாம், பஸ் நகரவே இல்ல. சும்மா உக்கார முடியல, அதான் டைப் பண்றேன்.

ஆரணில ஒரு பட்டுச்சேலைக் கடையில நானும் அவளும் ஒண்ணா வேலை பாத்தோம். ஆன்லைன் ஆர்டரை மடிச்சு பேக் பண்ற வேலை. நான் பிளஸ் டூ. அவ ஒம்பதாவதோட நின்னவ... பிரைவேட்டா டென்த் எழுதறேன்னு ஒரு நாள் கைடு வாங்கிகினு வந்துட்டா.

லஞ்ச் டைம்ல பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச். "டிபன் பாக்ஸ் நவுன்... ஈட் வெர்ப்... ஹாட் அட்ஜெக்டிவ்..." வாயில சோத்தோட சொல்லிகினு இருப்பா.

'ஃபாஸ்ட்' அட்ஜெக்டிவாவும் வரும், அட்வெர்பாவும் வரும்னு கைடுல இருந்துச்சு. "ஒரே வார்த்தை எப்டிடி ரெண்டு வேலை பாக்கும்?"னு கேட்டேன்.

"நான் பாக்கலியா? வூட்ல தறி, இங்க பேக்கிங்"னா.

அப்புறம் கஸ்டமருக்கு இங்கிலீஷ்ல பதில் போட ஓனர் அவளைத்தான் கம்ப்யூட்டர்ல உக்கார வெச்சாரு. என்னை இல்ல. பொறாமைதான்... ஒத்துக்கறேன்.

ஒரு நாள் "தி வீவ் இஸ் டைட்"னு அடிச்சிகினு இருந்தா. நெசவு நெருக்கமா இருக்குன்னு சொல்ல வந்தா. "வீவ்னா நெய்யறதுடி, வெர்ப்! வெர்புக்கு முன்னாடி 'தி' போடுவியா?"ன்னு எல்லார் எதிர்லயும் சிரிச்சேன். ஓனர் திரும்பிப் பாத்தாரு.

"நவுனாவும் வரும்னு நெனைக்கறேன்டி"ன்னா, மெதுவா. நான் விடல.

மறுநாள் அந்த சீட்ல நான். அவ திரும்பவும் மடிக்கற டேபிளுக்கு.

ஒரு வாரம் கழிச்சு டிக்‌ஷனரில பாத்தேன். நவுனும் உண்டு. அவ சொன்னதுதான் சரி.

சொல்லல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... சென்னைக்கே வந்துட்டேன்.

போன வருஷம் டென்த் பாஸ் பண்ணிட்டா. மார்க் ஷீட்டை முதல்ல எனக்குத்தான் அனுப்பினா. கூடவே வாய்ஸ் மெசேஜ், "இங்கிலீஷ்ல எழுவத்தி ரெண்டுடி! நீ கூட இருந்ததாலதான்."

ஒரு ஹார்ட் போட்டுட்டு வேலையப் பாக்கப் போய்ட்டேன்.

இப்ப அவ நம்பரைத் தொறக்கறேன், மூடறேன், தொறக்கறேன்...

நாலு மணிக்கு எடுத்துடுவாங்களாம். "ஜல்தியா போங்கண்ணா"ன்னு டிரைவர்கிட்ட ரெண்டு வாட்டி சொல்லிட்டேன். அவர் இன்னா பண்ணுவாரு, பாவம்.

தம்பிகிட்ட கொஞ்சம் வெய்ட் பண்ணச் சொல்லி இருக்கேன்.

வந்துகினே இருக்கேன் வசந்தா. உன் மூஞ்சியப் பாக்கணும்டி.