அப்பா காதைத்தான் திட்டினார்

என் பெரியப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் உறவுக்காரர்கள் "என்ன மரியாதை, என்ன நிதானம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அந்த மரியாதை என் அப்பாவைப் பந்தியில் உட்காரவிடாமல் படியிறக்கி அனுப்பியதை நேரில் பார்த்தவள் நான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம் அது. எனக்குப் பத்து வயது.

நாங்கள் டெல்லி சரோஜினி நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. மரியாதையில் அவரும் குறைந்தவர் இல்லை. காய்கறி வண்டிக்காரருக்கும் ஜி, பால் பூத்துக்காரருக்கும் ஜி. மாடிப்படியில் வழிமறித்துப் படுத்திருக்கும் நாயிடம்கூட "ஹட்டியே ஜி" என்றுதான் சொல்லுவார். நாய் நகராது. அப்பா அதைத் தாண்டிப் போவார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் காதில் இரைச்சல் வந்தது. ஒரு சில்வண்டு உள்ளே புகுந்து விடாமல் கத்துவதுபோல இருக்கிறது என்றார். டிஸ்பென்சரி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இதற்கு மருந்து கிடையாது, பழகிக்கொள்ளுங்கள் என்று ரொம்பப் பணிவான ஹிந்தியில் சொல்லி அனுப்பினார். வண்டைப் பிடுங்க முடியாதவருக்குப் பணிவு ஒன்றுதான் குறைச்சல்! அப்பா அவருக்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

வேறு ஏதாவது சத்தம் பெரிதாக இருந்தால் வண்டின் சத்தம் அமுங்கிப்போகும் என்பதை அப்பாவே கண்டுபிடித்தார். எங்கள் வீட்டுக் கூலர், தகர டப்பாவுக்குள் லாரி ஓடுவதுபோல இரையும். அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஜனவரிக் குளிரில் நாங்கள் ரஜாய்க்குள் சுருண்டு கிடக்க, தண்ணீர் ஊற்றாமல் கூலரை ஓடவிட்ட ஒரே வீடு அந்தக் காலனியில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கரண்ட் போனால்தான் வினை. கூலர் நின்றதும் வண்டு முழு மூச்சில் கிளம்பும். அப்பாவும் கிளம்புவார். திருநெல்வேலிப் பக்கத்து வசவு அத்தனையும் வரிசையாக வரும், பாதியை இங்கே எழுத முடியாது. யாரையும் பார்த்துச் சொல்லமாட்டார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு காதுக்குள் இருப்பதிடம் நேராகச் சொல்லுவார். எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆண்ட்டி, கரண்ட் போனால் மதராசிகள் ஏதோ மந்திரம் ஜபிக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அந்த மந்திரத்தைத் தனக்கும் எழுதித் தரும்படி அம்மாவைக் கேட்டாள். அம்மா சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் ஓடினாள். டெல்லியில் எங்களுக்குத் தமிழ் என்பது தாழ்ப்பாள் போட்ட அறை மாதிரி. உள்ளே நின்று எதை வேண்டுமானாலும் கத்தலாம்.

பெரியப்பாவுக்கும் அதே இரைச்சல் இருந்தது. அப்பாவுக்கு வருவதற்குப் பல வருஷம் முன்பே அவருக்கு வந்துவிட்டது. பெரிய பதவியில் இருந்தவர். அவர் அதை ஓங்காரம் என்பார். "எனக்குந்தான் கேக்கு. நான் வாயத் தொறக்கனா?" என்று அப்பாவிடம் கேட்பார்.

வாயைத் திறக்கமாட்டார், உண்மைதான். ஆனால் பெரியம்மா கையிலிருந்து ஒரு கரண்டி கீழே விழுந்தால், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் தட்டை மெதுவாக நகர்த்திவிட்டு "ரொம்ப நன்றி" என்று சொல்லி எழுந்துபோவார். அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு கிடையாது, பேச்சும் கிடையாது. பெரியம்மா அந்த வீட்டில் நுனிக்காலில் நடந்துதான் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் நாங்கள் அண்டாவையே போட்டு உடைக்கலாம், அப்பா எங்களை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் ஊருக்குப் பெரியப்பா உத்தமர், அப்பா வாய் கெட்டவர்!

அந்த மே மாதம் பெரியப்பா மயூர் விஹாரில் சொசைட்டி ஃபிளாட்டுக்குப் பால் காய்ப்பு வைத்தார். அழைக்க வந்தபோது அம்மாவிடம் தனியாகச் சொன்னார். "தம்பி வரட்டும். வாய மட்டும் வீட்டுல வச்சுட்டு வரட்டும்." கூடப்பிறந்தவனுக்கு வைக்கிற அழைப்பா இது? அம்மா முகம் சிவந்தது. ஆனாலும் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருந்தால் அப்பா உடைந்துபோவார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பொறுப்பேற்றுக்கொண்டாள். பொறுப்பை என்னிடம் தள்ளினாள்.

"ஏட்டி, அப்பா கைய விட்டுராத. ஒதடு அசைஞ்சா ஒரு அமுக்கு அமுக்கு" என்றாள்.

நான் அந்த வேலையை ரொம்ப மும்முரமாகவே செய்தேன். புது ஃபிளாட்டின் ஹாலில் நுழைந்ததும் கூலர் எங்கே என்று தேடி, அதற்குப் பக்கத்து நாற்காலியில் அப்பாவை உட்கார வைத்தேன். அவர் கையை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அப்பா புது வேட்டியில் சிரித்த முகமாக இருந்தார். ஹால் நிறைய மனிதர்கள், அத்தனை பேரும் தமிழர்கள். பால் பொங்கி முடிந்தது. பெரியப்பாவுக்கு மேலதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எழுந்து நின்று வாழ்த்திப் பேச ஆரம்பித்தார். சொந்த வீடு கட்டுவதைப் பற்றி, பிறகு சிமென்டைப் பற்றி, பிறகு தன்னைப் பற்றி. பேச்சு முடிகிற வழியாக இல்லை.

அப்போது கரண்ட் போனது.

டெல்லிப் பிள்ளைகளுக்குக் கரண்ட் போனால் ஒரு கடமை உண்டு. "பத்தீ கயீ!" என்று கத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடி, எதிர் பிளாக்கிலும் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே இருந்த பிள்ளைகள் எல்லாரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். அப்பாவின் கையை எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியாது.

கூலர் நின்று ஹால் அமைதியாகிவிட்டது. மேலதிகாரி மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அவர் மூச்சு வாங்க நிறுத்திய அந்தச் சின்ன இடைவெளியில் என் முதுகுக்குப் பின்னால் அப்பாவின் குரல் கேட்டது.

"வாய மூடித் தொலல, சனியன் புடிச்ச நாயே!"

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தபோது நாற்பது பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரோஜினி நகரில் இருப்பதாகவே நினைத்துவிட்டார் பாவம். இங்கே எதிர்வீட்டு ஆண்ட்டி இல்லை, எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

அப்பா எழுந்து, அந்த மேலதிகாரியின் முன்னால் போய்க் கும்பிட்டார். "உங்களச் சொல்லலங்க, என் காதச் சொன்னேன்" என்றார். இதை யார் நம்புவார்கள்? யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தக் காது இரைச்சல் என்றால் என்ன என்று அந்த ஹாலில் தெரிந்த மனிதர் ஒருவர் இருந்தார். "ஆமா, எங்க குடும்பத்துல இப்படி ஒரு கோளாறு இருக்கு, எனக்கும் இருக்கு" என்று அவர் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். பெரியப்பா சொல்லவில்லை. அப்பாவின் தோளில் கையை வைத்தார்.

"நீங்க கொஞ்சம் கீழ போயி இருங்க. எல்லாரும் சாப்புட்டு முடிக்கட்டும்."

பிறந்தது முதல் "டே" என்று கூப்பிட்ட தம்பியை "நீங்க" என்றார். அப்பாவின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததே இல்லை. அம்மா பந்திப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாயசத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல் அப்பாவின் பின்னாலேயே மூன்று மாடி இறங்கினேன்.

கீழே ஸ்கூட்டர்கள் நிற்கும் இடத்தில் ஒரு சிமென்ட் திட்டு. அதில் உட்கார்ந்தோம். நான் கையை விட்டதால்தான் இவ்வளவும் என்று எனக்குத் தெரியும். அதை அப்பாவிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்துப் பெரியப்பாவின் மேலேயே வைத்தேன். வரட்டும், சொல்லுகிறேன் என்று காத்திருந்தேன்.

அரைமணி கழித்து அவரே இறங்கி வந்தார், தனியாக. இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது திட்டுவதற்கு என்று நினைத்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் எழுந்து நின்றேன்.

"நீங்க வாய மூடித் தொலைங்க!"

அப்பா என் கன்னத்தில் ஒன்று வைத்தார். முதல் அடி, கடைசி அடியும் அதுதான். யாருக்காகச் சண்டைக்கு நின்றேனோ அவரே அடித்தால் எப்படி இருக்கும்? அழக்கூடத் தோன்றவில்லை. பெரியப்பா என்னைப் பார்த்ததாகவே தெரியவில்லை. திட்டைத் துண்டால் தட்டிவிட்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். மேலே யாராவது பால்கனியில் நிற்கிறார்களா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏண்டே, அப்படிச் சொன்னா கொஞ்சம் கொறையுதா?"

அப்பா காதைத் தடவிக்கொண்டார். "கொறையாதுண்ணே" என்றார். "ஆனா நாம சொல்லுததையும் அது கொஞ்சம் கேக்கட்டும்லா."

பெரியப்பா தலையாட்டினார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். உதடு இரண்டு மூன்று தரம் அசைந்தது. ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. "வரமாட்டேங்குடே" என்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அருவருப்பாக இருந்தது. பந்தியிலிருந்து இறக்கிவிட்ட மனிதரிடம் போய்க் கொஞ்சல் என்ன வேண்டியிருக்கிறது? மானம் ரோஷம் இல்லாத அப்பா எனக்கு வாய்த்தாரே என்று பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அவர் பக்கம் திரும்பவில்லை. மறுநாளும் பேசவில்லை. அந்தச் சத்தத்தோடு பெரியப்பா அத்தனை வருஷமும் தனியாக இருந்திருக்கிறார் என்பது அன்றைக்கு அப்பாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.