முதற்பலனாகப் போன மெஷின்

அந்த விண்ணப்பத்தை நிரப்பியது நான்தான். அதனால் யார் மேல் எரிச்சல்பட்டாலும் கடைசியில் அது என் மேலேயே வந்து விழுகிறது.

என் கணவர் பதினான்கு வருடம் வளைகுடாவில் வெல்டராக இருந்துவிட்டு வந்தவர். திற்பரப்புப் பக்கம் எங்கள் ஊர். இங்கே மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கைச் சீவி, வறுத்து, கடைகளுக்குப் போடும் பெண்கள் நிறைய. நாள் முழுக்கத் தோல் உரித்து அவர்கள் விரல்கள் வெடித்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, இவர் பழைய வாஷிங் மெஷின் டிரம்மின் உட்புறத்தைச் சொரசொரப்பாக்கி, மோட்டார் மாட்டி, ஒரு மெஷின் செய்தார். கிழங்கைக் கொட்டி சுவிட்சைப் போட்டால் தோல் தண்ணீரோடு கழன்று போகும், கிழங்கு வெள்ளையாக வெளியே வரும். செய்து முடிக்க ஏழு மாதம் ஆனது. கையிருப்பும் அதோடு தீர்ந்தது.

அதை நாலு பேருக்குக் காட்டி ஆர்டர் பிடிப்பார் என்று நினைத்தேன். இவர் எங்கள் சர்ச் சபைக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கம் தென்னையின் முதல் குலை, கோழியின் முதல் முட்டை, பிள்ளையின் முதல் சம்பளம் எல்லாம் ஆண்டவருக்குப் போகும் முதற்பலன். பொருளாக வருவதை அறுப்பின் பண்டிகையன்று ஆலய வளாகத்தில் வைத்து ஏலம் விடுவார்கள், பணம் சபைக்கு.

"ரெண்டாவது செய்யதக் குடுப்போம், இது இருக்கட்டு" என்றேன்.

"ரெண்டாவது எப்பிடி ஏட்டி முதற்பலன் ஆவும்?" என்றார். இதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

அந்த ஏலத்தில் விலை என்பது வேறு விஷயம். ஒரு சேவல் ஆட்டு விலைக்குப் போகும். கேட்பவர்களில் பாதிப் பேர் ஆண்டவருக்காகக் கேட்கிறார்கள், மீதிப் பேர் எதிரே நிற்பவனிடம் தோற்கக்கூடாது என்பதற்காக. தங்கை வீட்டுப் பொருள் மலிவாகப் போய்விடக் கூடாதென்று என் அண்ணன் விடாமல் கேட்டு, செய்த செலவைப் போல ஐந்து மடங்கு விலைக்கு அந்த மெஷினை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதமே இவரை மறுபடி விசா ஏஜெண்ட் கூப்பிட ஆரம்பித்தான். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். அதே நேரத்தில்தான் அரசாங்கத்தின் ஸ்டார்ட்அப் போட்டி வந்தது. மூன்று நிமிடம் பேசி ஜெயித்தால் ஆக்சிலரேட்டர் என்கிற தொழில் பயிற்சி, கூடவே ஆரம்ப நிதி. அதை வைத்து இன்னும் சில மெஷின்கள் செய்யலாம், விற்கலாம், இவர் இங்கேயே இருக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கடைசி விஷயம் மட்டும்தான்.

விண்ணப்பத்தில் இருபத்தெட்டு கேள்விகள். முதல் விற்பனை யாருக்கு, என்ன விலைக்கு என்று ஒன்று. அண்ணன் கொடுத்த விலையை அப்படியே எழுதினேன். பொய் இல்லையே, விற்றது விற்றதுதானே என்று நினைத்தேன். இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். நினைத்தால் என் தலையிலேயே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

முதல் கட்டத்தில் தேறிவிட்டோம். வழிகாட்டி என்று ஒரு தம்பியை நியமித்தார்கள். மெஷினை அண்ணனிடம் கேட்டு வாங்கி டெம்போவில் கொண்டுவருகிறோம், நேரில் ஓட்டிக் காட்டுகிறோம் என்றோம். மேடையில் கார்ப்பெட் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் சிந்தக்கூடாது, ஸ்லைடு போதும் என்றான். கிழங்குத் தோலை உரிக்கும் மெஷினைப் பற்றிப் பேசும் மேடையில் கிழங்குக்கு அனுமதி இல்லை.

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு கல்லூரி அரங்கம். வந்திருந்த பெரியவர்கள் பதினோரு பேர். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, அவர்கள் இளைஞர்களைத் தொழில் தொடங்கச் சொல்லி முடிப்பதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிட்டது. தொழில் தொடங்கியவர்களுக்கு மூன்று நிமிடம் ஒன்றரை நிமிடமாகக் குறைக்கப்பட்டது. மனப்பாடம் செய்ததில் எதை விடுவது என்று தெரியாமல் இவர் நடுவில் இருந்ததை விட்டுவிட்டார்.

நடுவர்களில் ஒருவர் சென்னைக்காரர். காகிதத்தைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவ்வளவு விலை கொடுத்து ஒருத்தர் வாங்கியிருக்காரா? நல்ல விஷயம். அவர்கிட்டயே பேசிடலாமே, நம்பர் இருக்கா?"

இவர் கொடுத்தார். ஒலிபெருக்கியில் என் அண்ணனின் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது.

"மெஷினா? ஷெட்டுல கெடக்கு சார்."

"எப்படி வேலை செய்யுது?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? எனக்கு மரச்சீனியே கெடையாது, முழுக்க ரப்பரு. ஆண்டவருக்குன்னு எடுத்தது சார். அதுக்கு மேல ரப்பர் ஷீட்டு காயப் போட்டிருக்கேன்."

அரங்கம் சிரித்தது. நடுவரும் சிரித்தார். கஸ்டமர் இல்லாத பொருளுக்கு நிதி எப்படிக் கொடுப்பது என்று இவரிடம் அன்பாகத்தான் கேட்டார். ஊருக்கு ஒருநாள் வந்து அந்தப் பெண்களின் விரல்களைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார். இவர் மைக்கை மேஜையில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அண்ணன் மேல், சென்னைக்காரர் மேல், பதினோரு பொன்னாடைகள் மேல்.

திரும்பும் பஸ்ஸில் பங்கேற்புச் சான்றிதழைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார், "ஏஜெண்ட விளிச்சு சரின்னு சொல்லிரட்டா?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றேன். இரண்டு வாரத்தில் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினார்.

அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு அண்ணன் அந்த மெஷினைத் திரும்பவும் காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்தார். குற்ற உணர்ச்சியோ, ஷெட்டில் இடம் வேண்டியிருந்ததோ. நான் கை தூக்கினேன். பழக்க தோஷத்தில் அண்ணன் எனக்கு மேல் ஒரு விலை கேட்டார். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். கையை இறக்கிவிட்டார்.

இப்போது சனிக்கிழமைகளில் பெண்கள் சாக்கோடு எங்கள் வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். வீடியோ காலில் இவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை, டிரம்மைக் காட்டச் சொல்கிறார். பெல்ட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கு என்கிறார்.

போன வாரம் வரிசையில் நின்ற மூன்று பேர், "டீச்சர், எங்களுக்கும் இதப்போல ஒண்ணு வேணும், பைசா தாறோம், எப்ப கெடைக்கும்?" என்று கேட்டார்கள்.

கஸ்டமர் வந்தாயிற்று. இவருக்கு ரெண்டு வருச கான்ட்ராக்ட், அதில் பதின்மூன்று மாதம் பாக்கி என்று அவர்களிடம் சொன்னேன்.